விழுந்தால் என்ன?



சைக்கிள் என்றதும் சிலருக்குக் கொண்டாட்டம். சிலருக்கோ உள்ளங்கை வியர்க்கும். 'விழுந்துடுவேனோ, எல்லாரும் சிரிப்பாங்களோ' என்று தயங்குகிறீர்களா? இதைக் கேளுங்கள்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்க வந்த பெண்கள், சைக்கிளும் கற்றார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். வயலிலும் கல் குவாரியிலும் உழைத்த பெண்கள் அவர்கள். சிலர் கேலி பேசினார்கள். லேடீஸ் சைக்கிளும் போதவில்லை. அதனால் என்ன? ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். லட்சத்துக்கும் அதிகமானோர் கற்றுக்கொண்டார்கள்!

சைக்கிளில் ஒரு ரகசியம் உண்டு. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால், பயந்தவர்கள் ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடிப்பார்கள்; தொப்பென்று விழுவார்கள். சாயும் பக்கமே லேசாகத் திருப்பினால் வண்டி நிமிர்ந்துவிடும். பயமும் அப்படித்தான். முதுகைக் காட்டினால் தள்ளிவிடும். அதன் பக்கம் திரும்பினால் நிமிர்த்திவிடும்.

வரும் விடுமுறையில் பெரியவர்கள் துணையோடு மைதானத்துக்குப் போங்கள். இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்துங்கள். ஹெல்மெட் அணியுங்கள். சக்கரத்தைப் பார்க்காமல், தூரத்து மரத்தைப் பார்த்து மிதியுங்கள். முழங்காலில் சிராய்ப்பு வந்தால் நாலு நாளில் ஆறிவிடும். ஓட்டக் கற்றதோ, ஆயுசுக்கும் மறக்காது!

அன்புடன்,
ஆசிரியர்