ஒத்தையா, ரெட்டையா?

'0, 2, 4, 6, 8-ல் முடிந்தால் இரட்டை எண்' என்று மனப்பாடமாகச் சொல்லும் குழந்தையிடம், "38 ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்டுப் பாருங்கள். முன்னால் இருக்கும் 3-ஐப் பார்த்து "ஒற்றை" என்று சொல்லிவிடுவதுண்டு. விதி தெரியும், காரணம் தெரியாது. அதுதான் சிக்கல்.

காரணத்தைப் புரியவைக்கும் விளையாட்டு நம்மிடமே இருக்கிறது. புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்போமே, அதேதான். குழந்தை பதில் சொன்னதும் கையை விரித்து, இரண்டிரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்தால் இரட்டை. ஒன்று மட்டும் துணையில்லாமல் நின்றால் ஒற்றை. இருபது வரை எண்ணத் தெரியாத குழந்தைகூட இதை விளையாடலாம். (வாயில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தை என்றால் கொட்டை வேண்டாம், ஸ்பூன், செருப்பு போதும்.)

இது பழகியதும் பத்துக் கொட்டைகளைக் கொடுங்கள். ஐந்து ஜோடி வரும், மிச்சம் இருக்காது. இன்னொரு பத்து கொடுத்தாலும் அப்படித்தான். ஆக, பத்துகள் எத்தனை சேர்ந்தாலும் மிச்சம் வராது. 38-ல் இருக்கும் முப்பதை விட்டுவிட்டு, 8-ஐ மட்டும் பார்த்தால் போதும். கடைசி இலக்கத்தை மட்டும் ஏன் பார்க்கிறோம் என்பது குழந்தைக்கு இப்போது தானாகவே விளங்கும்.

அடுத்து, உங்கள் கையில் 5, குழந்தையின் கையில் 3. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தனியாக நிற்கும். சேர்த்து வைத்தால் அந்த இரண்டும் ஜோடியாகிவிடும். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் எப்போதும் இரட்டைதான்!

ஒருமுறை வெறும் கையை மூடிக்கொண்டும் கேளுங்கள். விரித்தால், துணையில்லாமல் நிற்க ஒரு கொட்டைகூட இல்லை. அதனால் பூஜ்ஜியமும் இரட்டை எண்தான்.

பிறகு வெளியே காட்டுங்கள். சாலையில் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டில் கடைசி எண் என்ன? கல்யாண மொய்க்கு 100 வைக்காமல் 101 வைக்கிறோமே, அது ஒற்றையா, இரட்டையா?

பதில் தப்பாக வந்தால் உடனே திருத்த வேண்டாம். "ஜோடி சேர்த்துப் பாரேன்" என்று மட்டும் சொல்லுங்கள். தப்பைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும். அப்படிக் கண்டுபிடித்த கணக்கு மறக்காது.