வியர்வைப் பணத்துக்குக் காவலர் யார்?

இலக்கிய ஏட்டில் வட்டிக் கணக்கு எதற்கென்று நண்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். மக்கள் வாழ்வே இலக்கியத்தின் ஊற்று என மேடைதோறும் முழங்குகின்றோம். அம்மக்களுடைய முதுமைக்காலச் சோறு எந்தச் சபையில், எவர் கையெழுத்தினால் தீர்மானிக்கப்படுகின்றது என்பதை மாத்திரம் கணக்காளருக்கென ஒதுக்கிவிடுவது என்ன நேர்மை? அரசாங்க ஆசிரியராகிய எமக்கு ஓய்வூதியம் திறைசேரியிலிருந்து வருகின்றது. ஆகவே ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி ஆசிரியர் அறைகளில் பேச்செழுவதில்லை. ஆனால் எமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யார்? தோட்டத்திலும் ஆலையிலும் கடையிலும் உழைப்பவர்கள். அவர்களிற் பெரும்பாலோர்க்கு முதுமைக் காப்பென்று சொல்ல இந்நிதியைத் தவிர வேறொன்றில்லை.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் இந்நிதி தோன்றிற்று. அக்காலத் தொழில் அமைச்சர் ரி. பி. இலங்கரத்தின கொண்டுவந்த சட்டம் அது. தொடக்கத்தில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 4, முதலாளியிடமிருந்து 6. இன்று அவை 8, 12. முதலாளி செலுத்தும் பன்னிரண்டை அவரது கொடை என எண்ணுவோர் படித்தவர்களிலும் உளர். அது உழைப்புக்குரிய கூலியே. கைக்கு வரும் நாள் மாத்திரம் பிற்போடப்பட்டிருக்கின்றது.

இந்தக் கூலியைக் காப்பவர் யார் என்பதே எமது கேள்வி. உறுப்பினர் பதிவும் நிருவாகமும் தொழில் ஆணையாளரிடமும், பணத்தின் பொறுப்பும் முதலீடும் மத்திய வங்கியின் நாணயச் சபையிடமும் ஒப்படைக்கப்பட்டன. 2023 வரை அச்சபையில் இருந்தோர் ஆளுநர், திறைசேரிச் செயலாளர், நியமன உறுப்பினர் மூவர். தொழிலாளர் தெரிந்தனுப்பிய பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. அரசாங்கத்துக்காகக் கடன் திரட்டும் வேலையையும் பல்லாண்டுகளாக அதே மத்திய வங்கியே செய்துவந்தது. கடன்படுவோனின் முகவரே கடன்கொடுப்போனுக்குக் காவலர்! ஊரிலே சீட்டுப் பிடிக்கும் ஆச்சிகூட இப்படியொரு ஏற்பாட்டுக்கு உடன்படமாட்டார். நிதியின் முதலீட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு அரசாங்கப் பிணையங்களிற் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. புதிய மத்திய வங்கிச் சட்டம் 2023 இல் திறைசேரிச் செயலாளரின் நாற்காலியைச் சபையிலிருந்து அகற்றியது. தொழிலாளிக்கு நாற்காலி போட அதுவும் மறந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டின் பலனை 2023 இல் நாடு கண்டது. முந்திய ஆண்டில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாமற் கைவிரித்தது. பின்னர் 'உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு' என்னும் பெயரில், நிதியின் வசமிருந்த திறைசேரி முறிகளுக்குப் பதிலாகப் புதிய முறிகள் கொடுக்கப்பட்டன: 2025 வரை 12 சதவீத வட்டி, அதன் பின்னர் முதிர்வு வரை 9 சதவீதம். மறுத்தால் நிதியின் வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆக உயரும் என்பது ஏற்பாடு. கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு சம்மதம் கேட்பதற்கு வேறு பெயர் உண்டு. அதே வேளை, வங்கிகள் வைத்திருந்த முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே உயர்ந்த வரி செலுத்துகின்றன. அவற்றைத் தொட்டால் நிதி முறைமையே ஆட்டங் காணும் என்றார்கள். இருக்கலாம். ஒரு வங்கி சரிந்தால் நாடு முழுவதும் சத்தங் கேட்கும். லயத்து அறையில் ஒரு பானை காலியானால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்பதில்லை.

உறுப்பினரின் மீதியில் ஒரு சதமும் குறையாது, 9 சதவீத வட்டி உறுதி என்றும் ஆறுதல் கூறினார்கள். 2022 ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்ட வட்டியும் 9 சதவீதமே. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மியது. புத்தகத்தில் இலக்கம் குறையவில்லை என்பது உண்மைதான். அந்த இலக்கத்துக்கு வாங்கக்கூடிய அரிசி குறைந்துவிட்டது.

முதலீடு நிபுணரின் துறை; தொழிலாளிக்கு முறியும் பங்கும் விளங்குமா என்று கேட்போர்க்கு ஒரு சொல். 1952 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின்படி அங்குள்ள சேமநிதியின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கின்றனர். மலேசியாவின் நிதிச் சபையிலும் இருக்கின்றனர். அங்கெல்லாம் பாலும் தேனும் ஓடுகின்றன என நாம் கூறவில்லை. ஆனால் கேட்க ஒரு வாய் சபையினுள்ளே இருக்கின்றது. இங்கு நிபுணர் மாத்திரமே கூடியிருந்த காலத்திலேதான் 2015 பெப்ரவரி முறி விற்பனை விவகாரம் வெடித்தது. இந்நிதி இரண்டாந்தரச் சந்தையில் முறிகளை வாங்கிய விதமும் பின்னர் சனாதிபதி ஆணைக்குழுவின் விசாரணைக்கு உள்ளாயிற்று. சபையிற் பேச இடமில்லாதவர்கள் தெருவிற்றான் பேசவேண்டியிருக்கின்றது. 2011 மே 30 இல் தனியார்துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்க வர்த்தக வலயத் தொழிலாளர் எழுந்தபோது பொலிசார் சுட்டனர். இளந்தொழிலாளி ஒருவர் உயிர் துறந்தார். மசோதா மீளப்பெறப்பட்டது. கருத்துக் கேட்க இவ்வளவு விலையா?

மேற்சபையின் நிலை இதுவென்றால் கீழ்க் கருமபீடத்தின் நிலை என்ன? நாம் கற்பிக்கும் மலையகப் பாடசாலையில் ஒரு மாணவியின் பாட்டி முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து பறித்தவர். தோட்டத்துச் செக்ரோலில் அவர் இராமாயி. அடையாள அட்டையில் ராமாய். பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர். மூன்றையும் எழுதியவர்கள் உத்தியோகத்தர்கள். அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஐம்பது வயதாகும் பெண் தம் பணத்தைப் பெறலாம் என்கிறது சட்டம். இவருக்கோ அறுபதும் கடந்துவிட்டது. கிராம உத்தியோகத்தரின் கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, மீண்டும் தோட்டத்துக் கந்தோர். சென்ற தவணையில் அவர் கொண்டுவந்த கடிதம் அவர் வீட்டில் எவரும் வாசிக்க இயலாத மொழியில் இருந்தது. அவரிடம் இன்னுமொரு சத்தியக் கடதாசி கேட்டிருந்தார்கள்.

வாசித்துச் சொன்னோம். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, பஸ் சத்தத்துக்குப் போதுமா என்று எம்மையே கேட்டார். அவருடைய பணம் அப்போதும் அரசாங்கத்துக்குக் கடனாகப் போய்க்கொண்டிருந்தது.