வேலையும் வேண்டும், மேடையும் வேண்டும்



ரயில்வே பணிமனையில் பெட்டிகளின் சக்கரத்தையும் அச்சையும் பார்த்தே காலம் கழித்தவன் நான். கலையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி இல்லை, ஒரு வருத்தம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புப் படித்த என் மகன் சங்க ஆண்டு விழாவுக்கென்று ஒரு நாடகம் எழுதினான். "முதலில் மார்க் வாங்கு, நாடகம் சோறு போடாது" என்று நோட்டை வாங்கிப் பரணில் போட்டேன். இன்று அவன் நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் அதன்பின் தமிழில் ஒரு வரிகூட எழுதவில்லை.

கே. பாலசந்தரை நினைக்கும்போதெல்லாம் அந்த நோட்டு ஞாபகம் வருகிறது. நன்னிலத்தில் 1930-இல் பிறந்தவர். முத்துப்பேட்டையில் ஆசிரியர், பிறகு சென்னை ஏ.ஜி. ஆபீஸில் குமாஸ்தா. நம்மைப்போல் மாதச் சம்பளக்காரர்தான். வேலையில் இருந்துகொண்டே நாடகம் எழுதினார். அலுவலக மேடைக்காக முதலில் ஆங்கிலத்தில் எழுதிய 'மேஜர் சந்திரகாந்த்' பின்னர் தமிழுக்கு வந்தது. 1965-இல் 'ஊஞ்சே லோக்' என்று இந்திப் படமும் ஆனது. அதே ஆண்டில் 'நீர்க்குமிழி' மூலம் திரைப்பட இயக்குநரானார். 1981-இல் 'ஏக் தூஜே கே லியே' வந்தபோது, தமிழ்ப் பையனின் காதலுக்காக நம் பம்பாயே கண்ணீர் விட்டது.

இத்தனைக்கும் பிறகு, நாம் பணி ஓய்வு பெறும் அறுபது வயதில், அவர் சின்னத்திரைக்கு வந்தார். தூர்தர்ஷனில் 'ரயில் சிநேகம்'. ரயில்வேக்காரனுக்குத் தலைப்பே போதுமே! அடுத்து 'கையளவு மனசு'. 1985-இல் வந்த தம் 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சியாக 'சஹானா'. 'மின் பிம்பங்கள்' நிறுவனத்தின் மூலம் தொடர்களைத் தயாரிக்கவும் செய்தார். 2010-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்ற அவர், 2014 டிசம்பரில் மறைந்தார்.

"அவர் மேதை, நம் பிள்ளைகள் எல்லாரும் பாலசந்தர் ஆகிவிடுவார்களா?" என்று கேட்கலாம். ஆக வேண்டாம். ஆனால் அவருக்கு முதலில் கிடைத்தது ஸ்டுடியோ அல்ல. ஓர் அலுவலக மேடையும், கைதட்ட நாலு சகஊழியர்களும்தான். அதைக்கூட நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லையே!

மாலையானால் சென்னையிலிருந்து வரும் தொடர்களில் மூழ்கிவிடுகிறோம். தாராவியில் விடியுமுன் இட்லி அவிக்கும் குடும்பத்தின் கதையும், மாட்டுங்காவில் பூக்கட்டும் அம்மாவின் கதையும், செம்பூர் மாடி வீட்டில் பேச்சுத்துணையின்றி இருக்கும் தாத்தாவின் கதையும் அவற்றில் வராது. இங்கே பிறந்த பிள்ளைகள்தாம் அதை எழுத வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு நடனங்களில் இரண்டைக் குறைத்து, நம் பிள்ளைகள் எழுதும் நாடகத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லட்டும், எழுதித்தர நான் தயார்.

பரணில் அந்த நோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு நோட்டையாவது பத்திரமாக வையுங்கள்.