கைப்பேசி கடைசியில் யார் கைக்குப் போகிறது?

பல்கலைக்கழக விடுதியில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு வாக்குவாதம் தவறாமல் எழும். ஐபோன் சிறந்ததா, ஆண்ட்ராய்டு சிறந்ததா? படத்தின் தெளிவு, விளையாட்டின் வேகம், மின்கலத்தின் ஆயுள் என்று இரு தரப்பினரும் அடுக்குவார்கள். கல்விக் கடன் பணம் கணக்கில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதில் பாதியைக் கைப்பேசிக் கடையில் கொடுத்துவிட்டு வருபவர்களும் உண்டு. நானும் இந்த வாக்குவாதத்தில் கலந்துகொண்டவன்தான். கடந்த விடுமுறையில் லகாட்டில் உள்ள வீட்டுக்குத் திரும்பியபோதுதான், நாங்கள் ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது புரிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு கைப்பேசி ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. நான் பயன்படுத்தியது அம்மாவிடம் போகும். அம்மா பயன்படுத்தியது பாட்டியிடம் போகும். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த பல குடும்பங்களில் இதுதான் வழக்கம். பாட்டியின் கைக்கு வரும்போது அந்தக் கருவிக்கு ஐந்து அல்லது ஆறு வயது ஆகியிருக்கும். அந்த விடுமுறையில், பாட்டியின் கைப்பேசியில் வங்கிச் செயலி திறக்க மறுத்துவிட்டது. இயங்குதளம் மிகப் பழையது, புதுப்பிக்கவும் என்றது அறிவிப்பு. புதுப்பிக்கப் போனால், இந்தக் கருவிக்கு இனி புதுப்பிப்பு கிடையாது என்றது. மாமா அனுப்பும் பணம் வந்துவிட்டதா என்று பார்க்கவே பாட்டி ஈப்போவுக்குப் பேருந்து ஏற வேண்டியதாயிற்று. கைப்பேசியின் திரையில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குள் இருந்த இயங்குதளத்துக்குத்தான் ஆயுள் முடிந்துவிட்டது.

ஆகவே, இயங்குதளங்களை அவற்றை வாங்குபவரின் கண்ணால் மட்டும் ஒப்பிட்டால் போதாது. வீட்டில் கடைசியாக அதைப் பயன்படுத்தப் போகிறவரின் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அப்படிப் பார்த்தால் மூன்று அளவுகோல்கள் முன்னே வருகின்றன: ஆயுள், பாதுகாப்பு, தமிழ்.

முதலில் ஆயுள். இதில் ஆப்பிள் நீண்ட காலம் முன்னணியில் இருந்தது. 2015இல் வெளிவந்த ஐபோன் 6எஸ், 2021இல் வந்த ஐஓஎஸ் 15 வரை பெற்றது. கருவியையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் செய்வதால் இது எளிதாகிறது. ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. கூகுள் வெளியிடும் புதிய பதிப்பைக் கைப்பேசி நிறுவனம் தன் கருவிக்கு ஏற்ப மாற்றி அனுப்ப வேண்டும். மலிவான கருவிகளுக்கு அந்த உழைப்பைச் செலவிட நிறுவனங்கள் தயங்கின. இரண்டே ஆண்டுகளில் கைகழுவப்பட்ட கருவிகள் ஏராளம்.

இப்போது இந்த இடைவெளி குறைந்து வருகிறது. 2023இல் பிக்சல் 8க்குக் கூகுளும், 2024 தொடக்கத்தில் கேலக்ஸி எஸ்24க்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்புகளை அறிவித்தன. விலை குறைந்த கேலக்ஸி ஏ16க்கும் ஆறு ஆண்டு உறுதி கிடைத்தது. ஆனால் எல்லா ஆண்ட்ராய்டும் அப்படி இல்லை. ஒரே கடையில், ஒரே விலையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும் இரண்டு கருவிகளில் ஒன்று ஆறு ஆண்டு வாழலாம், மற்றொன்று இரண்டே ஆண்டில் நின்றுவிடலாம். பெட்டியின் மேல் படக்கருவியின் மெகாபிக்சல் பெரிய எழுத்தில் இருக்கும். புதுப்பிப்புக் காலம் பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது பாதுகாப்பு. அண்மைய ஆண்டுகளில் நம் காவல் துறை பலமுறை எச்சரித்த மோசடி ஒன்று உண்டு. புலனத்தில் ஒரு திருமண அழைப்பிதழ் வரும். அதைத் தொட்டால் அழைப்பிதழ் திறக்காது. ஏ.பி.கே. என்னும் கோப்பு கைப்பேசியில் இறங்கி, ஒரு செயலியாகப் பதிவாகும். அது குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கி அனுப்பும் டேக் எண்ணை மோசடிக்காரனுக்குக் கடத்தும். இது ஆண்ட்ராய்டைக் குறிவைத்த வலை. அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்தும் செயலியைப் பதிவுசெய்ய ஆண்ட்ராய்டு இடம் தருவதே காரணம். கைப்பேசி எச்சரிக்கை காட்டத்தான் செய்யும். ஆனால் ஆங்கிலத்திலோ மலாயிலோ வரும் எச்சரிக்கையைப் பாட்டி எப்படிப் படிப்பார்? அழைப்பிதழைப் பார்க்கும் ஆவலில் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று தொட்டுவிடுவார்.

நம் நாட்டில் விற்கப்படும் ஐபோனில் இந்தக் கதவு மூடியே இருக்கிறது. அந்த வகையில் அது முதியவர்களுக்குப் பாதுகாப்பானது. அதற்காக ஐபோன் வைத்திருப்பவர் ஏமாறவே மாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. போலி இணைப்பும், அதிகாரி போல் பேசும் தொலைபேசி அழைப்பும் எந்தக் கருவிக்கும் வரும். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்திவழி வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கைவிட்டு வலுவான முறைக்கு மாறுமாறு வங்கிகளைப் பணித்தது. அதே ஆண்டு தேசிய மோசடி எதிர்வினை மையம் 997 என்ற எண்ணுடன் தொடங்கப்பட்டது. பணம் போனது தெரிந்த உடனே அழைக்க வேண்டிய எண் இது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் அது பதிவாகியிருக்கிறதா?

மூன்றாவது தமிழ். இதில் பெருமைப்பட நமக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்த செல்லினம், 2005இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர் நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். ஐபோனும் ஆண்ட்ராய்டும் சந்தைக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. பிறகு வந்த இரண்டு இயங்குதளங்களும் தமிழை இரண்டு விதமாக நடத்தின. பிறர் செய்த விசைப்பலகையை ஆண்ட்ராய்டு 2009 முதலே ஏற்றுக்கொண்டது. ஆனால் தொடக்கக் காலக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆப்பிள் 2013இல் ஐஓஎஸ் 7இல் தமிழ் விசைப்பலகையைத் தானே சேர்த்தது. வெளியார் செய்யும் விசைப்பலகைக்கு 2014இல்தான் கதவைத் திறந்தது. திறந்த வீட்டில் விருந்தினர் விரைவில் நுழையலாம், ஆனால் எல்லா அறையும் ஒழுங்காக இருக்காது. பூட்டிய வீட்டில் ஒழுங்கு இருக்கும், ஆனால் உரிமையாளர் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பாட்டிக்கு விசைப்பலகையைவிடக் குரல்தான் முக்கியம். 2017இல் கூகுள் தன் குரல்வழி எழுத்து வசதியில் தமிழைச் சேர்த்தது. பட்டியல்களையும் அமைப்புகளையும் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதியும் ஆண்ட்ராய்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மேலே சொன்ன எச்சரிக்கையைப் பாட்டி தமிழில் படித்திருந்தால் ஒரு நொடியாவது தயங்கியிருப்பார். அந்த ஒரு நொடி ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றும்.

அப்படியானால் எதை வாங்குவது? கையில் ஆயிரம் வெள்ளிக்குள்தான் இருக்கிறது என்றால், கடனில் ஐபோன் வாங்க வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு மேல் புதுப்பிப்பு உறுதியுள்ள ஆண்ட்ராய்டை வாங்குங்கள். வீட்டுப் பெரியவருக்குப் பழைய ஐபோன் கிடைக்கிறது என்றால், அதற்கு இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று முதலில் பாருங்கள். எந்தக் கருவியாக இருந்தாலும், கைமாற்றிக் கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு என்றால், வெளியிலிருந்து செயலி பதிவாகும் அனுமதியைப் புலனத்துக்கும் உலாவிக்கும் அணைத்து வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பிதழைத் தொடும் முன் உங்களை அழைக்கச் சொல்லுங்கள்.

தனிமனிதர்களின் கவனம் மட்டும் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் மாதம் முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரு கைப்பேசியின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும் என்பதே அது. பயன்படுத்துவோரின் நலன் பேசும் அமைப்புகள் நம் நாட்டிலும் இதைக் கேட்க வேண்டும். குறைந்தபட்சம், புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடச் சொல்லலாம். ரொட்டிப் பொட்டலத்துக்கே காலாவதித் தேதி போடுகிறோம். ஆயிரம் வெள்ளிக் கருவிக்குப் போடக் கூடாதா?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது என் பாட்டியின் கைக்குப் போகும் நாளிலும் புதுப்பிக்கப்படுமா? பதில் சொல்லத் தெரியாதவரிடம் அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.