ஜிலேபி என்ன பாவம் செய்தது?

ஜிலேபிக் கெண்டை நம் ஏரிகளை ஆக்கிரமித்துவிட்டதாம். மொசாம்பிக்கிலிருந்து நீந்தியா வந்தது? 1952-ல் மீன் உற்பத்தியைப் பெருக்கவென்று நாமே கொண்டுவந்தோம். குளம் குளமாக விட்டதும் நாம்தான். பிறகு அதே குளங்களில் சாக்கடையைத் திறந்தோம். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் நாட்டு மீன்கள் பல செத்தன. ஜிலேபி தாக்குப்பிடித்தது, முட்டையையும் வாயிலேயே வைத்து அடைகாத்தது. காலியான வீட்டில் குடியேறுவதற்குப் பெயர் படையெடுப்பா?

ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-லேயே தடை. ஆனாலும் குட்டை வெட்டி வளர்க்கிறார்கள். வெள்ளம் வந்தால் ஆற்றுக்குப் போகிறது. வீட்டுத் தொட்டியில் அளவுமீறி வளர்ந்த டேங்க் கிளீனரைக் ‘கொல்ல மனசில்லை’ என்று ஏரியில் விடுகிறார் ஒரு புண்ணியவான். குஞ்சு விடுவதையும் கழிவு விடுவதையும் நிறுத்தாமல் மீனைத் திட்டி என்னய்யா ஆகப்போகுது?