மேலே பறப்பவன் பேச்சு கீழே நிற்பவன் காதில் விழக் கூடாதா?

நம் பேச்சைப் போலீஸ் கேட்கலாம். போலீஸ் பேச்சை நாம் கேட்கக் கூடாது. இதுதான் இந்த நாட்டுச் சட்டம். வெள்ளைக்காரன் எழுதி வைத்த சட்டம். அவன் கப்பல் ஏறிய பிறகும் கப்பல் ஏறாத சட்டம்!

1885-ல் தந்திச் சட்டம் வந்தது. 1933-ல் வயர்லெஸ் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது அது. பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்கும் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுத்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு 2023-ல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தன. 20-வது பிரிவு, நம் செய்திகளை இடைமறிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. 42-வது பிரிவு, நாம் பிறர் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 வருஷம் சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. தினக்கூலிக்காரனுக்கு 2 கோடி!

சர்க்கார் ஒட்டுக் கேட்பதற்குக் கட்டுப்பாடே இல்லையா? 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சில வரம்புகளை விதித்தது. உத்தரவை உயர் அதிகாரிதான் போட வேண்டும், அதைக் கமிட்டி ஒன்று பரிசீலிக்க வேண்டும் என்றது. சரி, அந்தக் கமிட்டியில் இருப்பவர் யார்? சர்க்கார் செயலாளர்களே! நீதிபதி ஒருவரும் இல்லை. அளப்பவனும் அவனே, அளவு சரியென்று சொல்பவனும் அவனே.

மற்ற தேசங்களில் நிலைமை என்ன?

அமெரிக்காவில் ஸ்கேனர் என்றொரு கருவி கடையில் கிடைக்கிறது. அது ஓர் அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நிற்கும். போலீஸ் ஹெலிகாப்டர் ஓட்டுபவர் விமான நிலையக் கோபுரத்தோடு பேசுவதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கேட்கலாம். பேச்சு மட்டுமல்ல. பெரும்பாலான விமானங்கள் தம் அடையாளம், உயரம், இருக்குமிடம் ஆகியவற்றை ரேடியோ அலையில் விநாடிக்கு விநாடி அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. டெலிவிஷன் பார்க்கச் செய்த சின்னஞ்சிறு கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினால் அந்த அறிவிப்பையும் பிடித்துவிடலாம்.

இதனால் ஜனங்களுக்கு என்ன லாபம்? 2015-ல் பால்டிமோர் நகரில் போலீஸ் காவலில் ஒரு கறுப்பு இளைஞர் மாண்டார். ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். மேலே ஒரு சிறு விமானம் வட்டமிட்டது. யாருடையது என்று சாதாரண மக்களே தேடினார்கள். அது மத்திய உளவுத் துறையான எஃப்.பி.ஐ.யின் விமானம் என்பது அம்பலமாயிற்று. இல்லாத கம்பெனிகளின் பேரில் அத்துறை 50-க்கு மேற்பட்ட விமானங்களை ஓட்டி வந்ததைப் பத்திரிகைகள் துருவி எடுத்தன. 2020 மே 29 அன்று மினியாபொலிஸ் நகர் மேலே எல்லைக் காவல் துறையின் ஆளில்லா விமானம் சுற்றியது. அதையும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிளர்ச்சியின்போது 15 நகரங்களுக்கு மேல் எடுத்த படம் 270 மணி நேரத்துக்கும் அதிகம் என்று பின்னர் செய்தி வந்தது. கீழே இருந்தவர்கள் காதைத் தீட்டி வைத்திருந்ததால் மேலே இருந்தவன் பிடிபட்டான்!

நம் நாட்டுக்கு வருவோம். 2024 பிப்ரவரி 13. பஞ்சாப் – ஹரியானா எல்லையில் ஷம்பு. விளைபொருளுக்கு ஆதார விலை கேட்டு விவசாயிகள் டில்லிக்குப் புறப்பட்டார்கள். ஹரியானா போலீஸ் டிரோன்களை ஏவி அவர்கள் தலையில் கண்ணீர்ப் புகைக் குண்டு போட்டது. விவசாயிகள் என்ன செய்தார்கள்? பட்டம் விட்டார்கள். பட்டத்து நூலில் டிரோனைச் சிக்க வைக்கப் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டிலும் டிரோன் வந்துவிட்டது. 2023 ஜூனில் சென்னை அடையாறில் போலீஸ் டிரோன் பிரிவைத் துவக்கினார்கள். 9 டிரோன்கள், செலவு 3 கோடியே 60 லட்சம். கடலில் தத்தளிப்பவனுக்கு உதவவும், கூட்டத்தைக் கவனிக்கவும் என்றார்கள். கடலில் மூழ்குபவனைக் காப்பாற்றினால் நாமும் கை தட்டுவோம். ஆனால் ஆலைக் கேட்டில் கூலி கேட்டு நிற்பவனும் ஒரு கூட்டந்தானே? அவன் முகத்தைப் படம் பிடித்தால் அந்தப் படம் யாரிடம் போகிறது? எத்தனை நாள் இருக்கும்? முதலாளி கைக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஸ்கேனர் வாங்கிக் கேட்டுவிட்டால் தீர்ந்ததா? தீராது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். டிரோனும் அதை ஓட்டுபவனும் பேசிக்கொள்வது சங்கேத மொழியில். எந்த ஸ்கேனருக்கும் அது புரியாது. அமெரிக்காவிலேயே நகரத்துக்கு நகரம் போலீஸ் வயர்லெஸ்ஸைச் சங்கேதமாக மாற்றி வருகிறார்கள். எனவே கருவியை நம்பிப் பயனில்லை. உரிமையைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. போலீஸ் பேச்சு எல்லோருக்கும் கேட்டால் திருடனுக்கும் கேட்குமே! புகார் கொடுத்த பெண்ணின் விலாசம் ஊருக்குத் தெரிந்துவிடுமே! 2008 நவம்பரில் பம்பாயில் தாக்குதல் நடந்தபோது, டெலிவிஷன் நேரடி ஒளிபரப்பைப் பார்த்து அந்நியச் சதிகாரர்கள் தங்கள் ஆட்களுக்கு உத்தரவு கொடுக்கவில்லையா? உண்மை, மறுக்கவில்லை. சிகாகோவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பேச்சை 30 நிமிஷம் தாமதித்து வெளியிடுவது. நாம் 30 நிமிஷம்கூடக் கேட்கவில்லை. 30 நாள் கழித்தாவது காட்டு என்கிறோம். பெண்ணின் பெயரையும் விலாசத்தையும் மறைத்துக் காட்டு என்கிறோம்.

ஏன் இதைக் கேட்கிறோம்? தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் போயின. சுட உத்தரவிட்டது யார், எப்போது, எதற்காக? நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் விசாரித்து அறிக்கை கொடுக்க 4 வருஷம் ஆயிற்று. 2022 அக்டோபரில்தான் அது சட்டசபைக்கு வந்தது. தூண்டுதல் இல்லாமலே, தப்பி ஓடியவர்களை மறைவிலிருந்து சுட்டார்கள் என்றது அறிக்கை. அன்றைய வயர்லெஸ் பேச்சு முழுவதும், நேரக் குறிப்போடும் முத்திரையோடும், மாதம் முடிவதற்குள் ஜனங்கள் முன் வந்திருந்தால்? இறந்தவர் வீட்டார் 4 வருஷம் வாசல் வாசலாக ஏறியிருக்க வேண்டுமா?

நம் காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே பாருங்கள். பரந்தூரில் விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஏகனாபுரம் ஜனங்கள் நிலமும் ஏரியும் போகும் என்று இரவுதோறும் கூடிக் குரல் கொடுத்தார்கள். விமானம் வருமுன்னே போலீஸ் செக்போஸ்ட் வந்துவிட்டது!

காஞ்சிபுரத்து நெசவாளிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத் தருகிறார்கள். நெய்த சேலையையும் எடை போட்டு வாங்குகிறார்கள். தராசு அவன் கண்முன் இருக்க வேண்டும். உள் அறையில் நிறுத்துவிட்டு “எடை குறைகிறது” என்றால் ஒப்புவானா? தஞ்சைக் கூலி விவசாயி கள்ள மரக்காலை எதிர்த்து முத்திரை மரக்கால் கேட்டானே, அதுவும் இதே நியாயந்தான். அளப்பவனை அளக்கவும் ஒரு வழி வேண்டும்.

ஆகவே கோருவோம்:

ஒன்று: எந்த டிரோன், எந்த நாள், எந்த இடம், யார் உத்தரவு என்பதைப் பதிவேட்டில் எழுது. அந்தப் பதிவேட்டை ஜனங்களுக்குக் காட்டு.

இரண்டு: கிளர்ச்சி நடந்த இடத்தின் வயர்லெஸ் பேச்சையும் படத்தையும் அழிக்காமல் வை. தடியடியோ துப்பாக்கிச் சூடோ நடந்தால் 30 நாளுக்குள் வெளியிடு.

மூன்று: ஒட்டுக் கேட்க உத்தரவு போடும் அதிகாரத்தை நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டு வா.

நான்கு: ஜனங்கள் தலைக்கு மேல் டிரோனிலிருந்து எதையும் போடுவதைத் தடை செய்.

தோழர்களே! இவற்றைச் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள்; தீர்மானம் போட்டு அனுப்புங்கள். ஆலைக் கேட்டிலோ வயல் வரப்பிலோ கூடும்போது மேலே ஒன்று பறந்தால், தேதியும் நேரமும் இடமும் நோட்டில் குறித்து வையுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, அது யாருடையது, எதற்கு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது நமக்கு ஒரு சாட்சி!