மைதானம் காலியாகும் முன் கொடி காட்டியது யார்?

மந்திரி பலி! பிரதம மந்திரி படுகாயம்!

குண்டு வீச்சு இல்லை. துப்பாக்கிச் சூடும் இல்லை. வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் நடந்தது இது. 1911-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. இடம்: பாரிஸ் நகரை ஒட்டி உள்ள இஸ்ஸி ராணுவ மைதானம்.

அன்றைக்கு அங்கே பாரிஸ்-மாட்ரிட் விமானப் பந்தயம் தொடக்கம். 'பெத்தி பாரிசியன்' என்ற பத்திரிகை நடத்திய போட்டி. பத்திரிகை விற்க வேண்டுமானால் பரபரப்பு வேண்டும் அல்லவா? ரைட் சகோதரர்கள் 12 வினாடி பறந்து காட்டி எட்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் மலை தாண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் பந்தயம்! பாரிஸ் நகரமே தூக்கம் கெட்டு எழுந்து ஓடியது. ராத்திரியே வந்து இடம் பிடித்தவர்கள் உண்டு. கூட்டம் லட்சக்கணக்கில்!

விடிந்ததும் விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. டென்னிஸ் ரசிகர்களுக்குத் தெரிந்த ரோலண்ட் கேரோஸ், அன்று கிளம்பியவர்களில் ஒருவர். (அந்த மைதானத்துக்குப் பேர் தந்தவர் ஆட்டக்காரர் அல்ல, விமானிதான்.) வெத்ரின் என்பவரின் விமானம் புறப்படும்போதே கவிழ்ந்தது. அவர் தப்பியது தம்பிரான் புண்ணியம்.

அப்போதே நிறுத்தி இருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை.

கூட்டம் தடையை மீறி மைதானத்துக்குள் புகுந்தது. போலீசாரும் பட்டாளத்தாரும் திணறினார்கள். ஜனங்களைத் தள்ளி நிறுத்தக் குதிரைப் படையை உள்ளே அனுப்பினார்கள். இதற்கு நடுவே பெரிய மனிதர்கள் சிலர் மைதானத்தின் குறுக்கே நடந்து போனார்கள். பிரதம மந்திரி மோனிஸ், அவருடைய மகன், யுத்த மந்திரி பெர்த்தோ, எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணக்காரரான டாய்ச் டி லா மெர்த். அவர்களை யார் தடுப்பது? ஜனங்களுக்குத்தான் தடுப்பு. மந்திரிக்கு ஏது தடுப்பு?

மோதியது

எமில் திரேன் என்ற விமானி, தானே தயாரித்த விமானத்தில் ஒரு பயணியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். (அவர் பெயரை ஆங்கிலத்தில் படித்தால் 'டிரெயின்'! ரெயில் பேர் வைத்தவர் ஓட்டியது விமானம்.) மேலே போனதும் என்ஜின் மக்கர் செய்தது. திரும்பி வந்து இறங்கப் பார்த்தார்.

இறங்க வேண்டிய இடத்தில் குதிரைப் படை!

நேரே இறங்கினால் குதிரைகள் மேல் விழ வேண்டும். என்ஜினோ உயிரை விட்டுக்கொண்டு இருக்கிறது. எப்படியோ திருப்பி, குதிரை வீரர்களைத் தாண்டினார். தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்கிறார்கள் என்று. அதுவரை குதிரைகள் அவர்களை மறைத்து விட்டன. அன்றைய விமானத்தில் சட்டென்று பிடித்து நிறுத்த பிரேக் ஏது?

விமானம் அவர்கள் மேல் பாய்ந்தது. சுழலும் விசிறி யுத்த மந்திரியின் கையைத் துண்டித்தது. அவர் உயிர் போய்விட்டது. பிரதம மந்திரி உடைந்த விமானத்தின் அடியில் சிக்கிக்கொண்டார். கால் எலும்பு முறிந்தது, முகத்தில் காயம். மகனும் பணக்காரரும் லேசான காயத்தோடு தப்பினார்கள். விமானிக்கும் பயணிக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

யார் குற்றம்?

விமானி மேல் பழி போடுவது சுலபம். கையில் விமானம் இருந்தது அவரிடம்தானே! ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். ஒரு படைப் பிரிவே சாகாமல் காப்பாற்றி இருக்கிறார். இறங்குவதற்குக் காலி இடம் கொடுக்க வேண்டியது யார் பொறுப்பு?

ஜனங்கள் குற்றமா? வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் முன்னே தள்ளத்தான் செய்யும். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. லட்சம் பேர் வருவார்கள் என்று தெரிந்தேதான் பத்திரிகை விளம்பரம் செய்தது. கூட்டத்தை அழைத்தவனுக்கு, அதை அடக்கும் கடமையும் உண்டு.

மந்திரிகளுக்கும் பங்கு உண்டு. இறந்தவரைக் குறை சொல்லக்கூடாதுதான். ஆனாலும் சாதாரண ஆளை விரட்டிய இடத்தில் மந்திரி நடந்து போனார் என்பது மறைக்க முடியாத உண்மை. தடுப்புக் கட்டியது உயிரைக் காக்க. மந்திரி உயிரும் உயிர்தானே!

எல்லாவற்றுக்கும் மேலே, மைதானம் காலியாகாமல் விமானத்துக்குக் கொடி காட்டினார்களே, அதற்கு என்ன சமாதானம்? கூட்டத்தைச் சீர் செய்ய அரை மணி நேரம் பந்தயத்தை நிறுத்தி இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பழைய பாடம்

பட்டுத் தெரியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. 1903-ம் ஆண்டு மே 24, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அதுவும் பாரிஸ்-மாட்ரிட் பந்தயம்தான். அப்போது கார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள். கார் வரும்போது குறுக்கே ஓடினார்கள். புழுதியில் ஓட்டுகிறவர்களுக்குக் கண் தெரியவில்லை. எட்டுப் பேராவது செத்தார்கள். கார் கம்பெனி நடத்திய ரெனோ சகோதரர்களில் மார்செலும் அதில் பலி. பிரெஞ்சு அரசாங்கம் போர்டோ நகரில் பந்தயத்தை நிறுத்தியது. கார்களைக் குதிரை கட்டி இழுத்துப் போய் ரெயிலில் ஏற்றினார்கள்.

அதே ஊர், அதே பந்தயம், அதே கூட்டம். எட்டு வருஷத்தில் எல்லாம் மறந்து போச்சு!

1911-ல் பந்தயத்தை நிறுத்தவும் இல்லை. கவிழ்ந்த வெத்ரின், மறுநாளே வேறு விமானத்தில் கிளம்பினார். 26-ந் தேதி மாட்ரிட் போய்ச் சேர்ந்தார். போய்ச் சேர்ந்தது அவர் ஒருவர்தான். காயம் பட்ட மோனிசின் மந்திரிசபை ஜூன் மாதக் கடைசியில் கவிழ்ந்தது.

விபத்து நடந்து சரியாக நான்கு வாரம். ஜூன் 18-ந் தேதி, மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. பாரிசின் இன்னொரு பக்கம், வென்சன் மைதானம். ஐரோப்பாவைச் சுற்றி வரும் விமானப் பந்தயம். மறுபடியும் பெருங்கூட்டம். முதல் நாளே மூன்று விமானிகள் பலி. பந்தயம் ஜூலை மாதம் வரை நடந்தது.